மூண்டு பரப்பு, ஆறு குழி

நெல்லியடிச் சந்தைக்குப் பின்னாலை
நொத்தாரிசு ஐயாவின்ரை கந்தோர்.
போன முறை தனியத்தான் வந்தனான்.
அதுக்கு முதலும் தனியத்தான்.
லிகிதர் பெடியன் உறுதியைப் பார்க்கேல்லை,
என்ரை தோளுக்கு மேலாலை வாசலைப் பார்த்தவன்:
"அண்ணை வரேல்லையோ அக்கா?"

காணி என்ரை.
விளாத்தியடிக் கலட்டி, சீதன உறுதி.
வேலி அடைச்சது நான்.
புகையிலைக்குத் தண்ணி மாறினது நான்.
இடம்பெயர்ந்து ஓடேக்கை
உறுதியைப் பொலித்தீனிலை சுத்தி
பிள்ளையின்ரை பால்மாப் பேணிக்குள்ளை வைச்சுக்
கொண்டு போனதும் நான்.
விக்கிறதெண்டால் மட்டும்
தேசவழமை கேக்குது,
கணவனின் எழுத்துமூலச் சம்மதம்.

மனுசன் கெட்டவர் இல்லை.
இதை முதலே சொல்லிப்போட வேணும்,
இல்லாட்டி நீங்கள் வேறை கதைக்குக் காது குடுப்பியள்.
அடிக்கிறேல்லை. குடிக்கிறதும்
கலியாண வீட்டிலை மட்டும்.
"பாப்பம்" எண்டுதான் சொன்னவர்.

அந்தப் பாப்பத்துக்குப் பின்னாலை
பதினொரு நாள் திரிஞ்சன்.
வெள்ளிக்கிழமை கேக்கக் கூடாது.
மச்சாள் போன் எடுத்த அண்டைக்கும் கூடாது.
சம்பளத்துக்கு முந்தின கிழமை
வாயே திறக்கக் கூடாது.
நண்டு வாங்கிக் காய்ச்சின அண்டு கரண்ட் போச்சு.
கிரிக்கெட்டிலை வெண்ட இரவுதான்
பிளேன்ரீயோடை போய் நிண்டன்,
லீவு கேக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி,
ஐம்பத்தொரு வயசிலை.

"மில் போட்டு என்ன செய்யப் போறீர்?"
மிளகாய் அரைக்கப் போறன்.
"நான் உழைச்சுத் தரேல்லையெண்டோ
சனம் கதைக்கிறதுக்கு?"
அதுக்கும் மறுமொழி இருந்தது.
பதினொரு நாளும் அகப்பையோடை நிண்டு
பாடமாக்கி வைச்சிருந்தன்.

இண்டைக்கு வந்திட்டம்.
அவர் போட்டிருக்கிற சேட்டு நான் மினுக்கினது.
ஐயா அவருக்குக் கதிரை இழுத்து விட்டார்.
எனக்குச் சுவரோரம் வாங்கில்.
எல்லைகளை அவருக்கு வாசிச்சார்:
கிழக்கு, கந்தவனம் மனைவி தங்கரத்தினம்.
வடக்கு, ஒழுங்கை.
மேற்கு, பொன்னுத்துரை மனைவி
இராசபூபதியும் பங்காளரும்.
தெற்கு, சுவாமிநாதர்.

சுவாமிநாதர் செத்து எட்டு வருசம்,
அது இப்ப மருமகள் பேரிலை எண்டன்
வாங்கிலிலை இருந்து.
ஐயா மூக்குக் கண்ணாடிக்கு மேலாலை
இவரைப் பார்த்தார்: "அப்பிடியோ தம்பி?"
இவர் திரும்பி என்னைப் பார்த்தார்: "அப்பிடியோ?"
ஓம்.
இவர் ஐயாவுக்குச் சொன்னார்: "ஓமாம்."
பெடியன் திருத்தி அடிச்சான்.

தங்கரத்தினம் ஆரெண்டு எனக்குத் தெரியும்.
மாட்டைக் கூப்பிட்டால்
மூண்டு வளவு தாண்டிக் கேக்கும் குரல்.
இந்தத் தாளுக்குள்ளை மட்டும் அவ
கந்தவனத்தின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு
சத்தமில்லாமல் நிக்கிறா.

எழுத்து நடந்த அண்டு
பதிவுகாரர் என்னட்டையும் கேட்டவர்தான்,
சம்மதமோ பிள்ளை எண்டு.
நான் நிமிர முந்தி மாமா சொல்லிப்போட்டார்,
"ஓம், ஓம், நீங்கள் எழுதுங்கோ."

"பேனை இருக்கே தம்பி?"
இவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார்.
என்ரை பையிலை கிடந்ததை எடுத்துக் குடுத்தன்.
"இஞ்சையோ?"
"அதிலைதான்."
ஒரு செக்கன்.
பதினொரு நாள் எங்கை போச்சு எண்டு யோசிச்சன்.
பேனையைத் தன்ரை பையிலை செருகிக்கொண்டார்.
பிறகு வாங்கலாம்.

மோட்டார்சைக்கிளிலை வரேக்கை,
பைல் என்ரை மடியிலை.
முன்னாலை திரும்பாமலே கேட்டார்:
"அது எத்தினை பரப்பப்பா?"
இருபத்தேழு வருசம்.
சொன்னன்.
ஹெல்மெட்டுக்குள்ளை கேக்கேல்லை.
"என்ன?"

சந்தியிலை பஸ் மறிச்சு நிண்டது.
பழக்கடைக்காரன், ரியூசன் பெட்டையள்,
ஓட்டோ எல்லாம் திரும்பிப் பார்க்கச்
சொன்னன், தங்கரத்தினத்தின்ரை குரலிலை:
மூண்டு பரப்பு!
ஆறு குழி!